கரமடிப் பாட்டுக்கு என்ன வேகம்?

கேள்வி:

குளச்சல் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஊர்த் திருவிழா கலைநிகழ்ச்சிக்காக, பிள்ளைகள் பாடிக்கொண்டே நடிக்கிற மாதிரி ஒரு கரமடிப் பாட்டு (கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கிற மீன் வலைதான் கரமடி) எழுதி மெட்டும் போட்டேன். மேடையில் வடத்தைப் பிடித்து இழுக்கிற நடிப்பும் உண்டு. பல்லவி இது:

கரமடி இழுக்க வாருங்க – கடல்
கரையில கூடிச் சேருங்க

சரணத்தின் முதல் இரண்டு வரி:

முட்டத்துப் பாறையில் முட்டித் தெறிக்கிற
மொட்டு நுரையெல்லாம் கொட்டிச் சிரிக்குது

கீபோர்டில் ஒரு ஸ்டைல் (தானாக ஓடுகிற தாளம்) போட்டு, டெம்போவை நிமிடத்துக்கு 112 தட்டு என்று வைத்தேன். பல்லவி ஜோராக வருகிறது. சரணம் வந்ததும் பிள்ளைகளுக்கு நாக்கு புரள்கிறது. 80-க்கு இறக்கினால் சரணம் சரியாகிறது, பல்லவி தூங்கி வழிகிறது. 96 வைத்துப் பார்த்தேன், இரண்டுமே சுமார்தான். தம்பி, “120 வை, ரீல்ஸ்ல ஓடும்” என்கிறான். கோயில் பாடகர் குழு அண்ணன், நிதானமாகப் பாடினால்தான் பாட்டு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பாட்டு எழுதும் முன்பே டெம்போவை முடிவு செய்துவிட வேண்டுமா? இன்னொன்று, ஒரு தாலாட்டும் எழுதி வைத்திருக்கிறேன். 60-ல் பாடிக் காட்டினேன். ஒப்பாரி மாதிரி இருக்கு என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்:

டீச்சர், உங்கள் தம்பி சொல்வதும் சரி, பாடகர் குழு அண்ணன் சொல்வதும் சரி. தம்பியின் காதில் நிற்பது பல்லவி. அண்ணனின் காதில் நிற்பது சரணம். ஒரே பாட்டுக்குள் இரண்டு வேகத்துச் சொற்களை எழுதிவிட்டு இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண்ணைத் தேடுகிறீர்கள். 96 வைத்தபோது இரண்டுமே சுமாராகிப் போனது அதனால்தான். இன்னும் பத்து எண்களை மாற்றிப் பார்த்தாலும் இதே கதைதான் நடக்கும்.

கீபோர்டை அணைத்துவிட்டு வரிகளை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “கரமடி” என்பதில் நான்கும் குறில், நடுவில் ஒற்று எதுவும் இல்லை. “கரையில” என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதிலுள்ள ஐகாரம் பேச்சில் குறுகிவிடும். நாக்கு எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் ஓடுகிற சொற்கள் இவை. சரணத்துக்கு வாருங்கள். முட், டத், துப் என்று எடுத்த எடுப்பிலேயே மூன்று அசைகள் வல்லொற்றில், அதாவது ட், த், ப் மாதிரி வல்லின மெய்யில், மூடுகின்றன. ஒவ்வொரு வல்லொற்றுக்கும் வாய் காற்றை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். எத்தனை வேகமாகப் பாடினாலும் அந்தக் கணத்தை மிச்சம் பிடிக்க முடியாது. மிச்சம் பிடித்தால் சொல் உடைந்துவிடும். 112-ல் உங்கள் பிள்ளைகள் “முடதுபாறையில்” என்றுதான் பாடியிருப்பார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் அளந்து வைத்திருக்கிறார். அளவுகோலாக அவர் சொன்னது கண்ணிமைப்பும் விரல்நொடியும். நொடிக்கிற வேகம் ஆளுக்கு ஆள் மாறும், விகிதம் மாறாது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று பாட்டின் தலையில் எண் எழுதுகிற வழக்கமெல்லாம், 1815-ல் யோகான் மெல்ட்சல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியதற்குப் பிறகு பரவியது. தமிழில் பாட்டு எழுதுகிறவருக்கு அதற்கு வெகு முன்பே சொல்லுக்குள் கடிகாரம் இருக்கிறது. குறில் மிகுந்த வரி ஓடப் பார்க்கும். நெடிலும் வல்லொற்றும் மிகுந்த வரி நடக்கப் பார்க்கும். மெட்டு போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதை. “காதல் பாட்டுக்கு 90, குத்துப் பாட்டுக்கு 130” என்று யூடியூபில் சுற்றுகிற பட்டியல்களை நான் ஒரு பாட்டுக்கும் நம்பியதில்லை.

இனி உங்கள் சரணத்தின் அசைகளை விரல் விட்டு எண்ணுங்கள். முட்-டத்-துப், பா-றை-யில். முட்-டித்-தெ, றிக்-கி-ற. மொட்-டு-நு, ரை-யெல்-லாம். கொட்-டிச்-சி, ரிக்-கு-து. மும்மூன்றாக வந்து விழுகிறது, வரிக்குப் பன்னிரண்டு, ஒன்றுகூடப் பிசகவில்லை. எழுதும்போது எண்ணிக்கொண்டு எழுதியிருக்க மாட்டீர்கள், காது எழுதியிருக்கிறது. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பல்லவியோ நாலு நாலாகப் போகிறது. “கரமடி” என்ற சொல்லே ஒரு தகதிமி. அதாவது உங்கள் பல்லவி சதுஸ்ர நடை, சரணம் திஸ்ர நடை. நீங்கள் போட்ட கீபோர்டு ஸ்டைல் முழுக்கச் சதுஸ்ரம். மும்மூன்றாக நடக்கிற வரியைப் பிடித்து நாலு கட்டத்துக்குள் திணித்திருக்கிறீர்கள். ஒரு சொல் முன்னே இடிக்கிறது, அடுத்தது பின்னே தொங்குகிறது. இதைத்தான் நீங்கள் வேகம் கூடிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டீர்கள்.

கர்நாடக சங்கீதக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசுவார்கள். காலப்பிரமாணம் என்பது கை தட்டுகிற வேகம். நடை என்பது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் எத்தனை துண்டு என்பது. கை மாறாமலே நடையை மாற்றலாம். டெம்போ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஸ்டுடியோவில் பாட்டு கொண்டுவருகிற பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. “கொஞ்சம் ஸ்பீடு ஏத்துங்கண்ணே” என்பார்கள். தட்டை அப்படியே விட்டு, நடுவில் ஒரு ஷேக்கரை இரட்டிப்பாக ஓடவிட்டால், “ஆ, இதுதான்” என்பார்கள். எண் மாறியே இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 112-ல் ஒரு தட்டு 0.54 விநாடி. அதை நாலாகப் பிரித்தால் ஓர் அசைக்குக் கிடைப்பது 0.134 விநாடி. இந்த இடைவெளிக்குள் “முட்” என்று திறந்து மூட வேண்டும். தட்டை 88-க்கு இறக்கி, சரணத்தைத் திஸ்ரத்தில் பாடுங்கள். ஒரு தட்டு 0.68 விநாடி, மூன்றாகப் பிரித்தால் அசைக்கு 0.227. முன்பு கிடைத்ததைவிட ஏறக்குறைய எழுபது சதவீதம் கூடுதல் நேரம். அதே 88-ல் பல்லவி நாலு நாலாக ஓடும்போது அசைக்கு 0.17 விநாடிதான், குறில்களுக்கு அது தாராளம். பல்லவி துள்ளும், சரணம் அகன்று நிற்கும், கை மட்டும் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும்.

பல்லவி 80-ல் தூங்கியதற்கு வேகம் பாதிக் காரணம், வெறுமை மீதிக் காரணம். “சேருங்க” என்று முடித்த பிறகு ஒரு தட்டு சும்மா கிடக்கிறது. கீபோர்டு ஸ்டைலும் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாது. அந்தக் காலியிடத்தில் பிள்ளைகள் “ஏலேலோ” என்று ஒரு குரல் கொடுக்கட்டும், அல்லது தட்டுக்கு நடுவில் ஒரு கைத்தட்டு போடட்டும். நம்ம ஊர் வில்லுப்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். புலவர் ஒரு வரியைச் சொல்லி மூச்சு வாங்குகிற இடத்தில் பின்பாட்டுக்காரர் “ஆமா” போடுவார், குடமும் உடுக்கும் அந்த இடத்தை நிரப்பும். கதை நிதானமாகத்தான் போகும், கேட்கிறவருக்கு எங்கேயும் தொய்வு தெரியாது. கொடை விழாவில் சாமி வருகிற கட்டம் நெருங்கும்போதுதான் கோல் விழுகிற வேகமே ஏறும்.

88 என்று சொல்லிவிட்டேன், அதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது நான் தாளில் பார்த்துச் சொல்கிற எண். உங்கள் பிள்ளைகளின் வாயில் எது நிற்கும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாட்டிலேயே சொல் நெருக்கம் அதிகமான வரியை எடுங்கள், உங்களுக்கு “முட்டத்துப் பாறையில்”தான். 76-ல் ஆரம்பித்து நாலு நாலாக ஏற்றிக்கொண்டே போய்ப் பாடச் சொல்லுங்கள். நீங்கள் வகுப்பறையின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். வல்லொற்று எந்த எண்ணில் கரைய ஆரம்பிக்கிறதோ அதுதான் மேல் எல்லை. அடுத்து, மூச்சு விடாமல் பாட வேண்டிய மிக நீளமான இடத்தை எடுங்கள். இப்போது வேகத்தை இறக்கிக்கொண்டே வாருங்கள். பிள்ளைகள் வரி முடியும் முன் மூச்சு வாங்குகிற எண் கீழ் எல்லை. மேலே நாக்கு தடுக்கும், கீழே மூச்சு தடுக்கும். உங்கள் பாட்டின் டெம்போ இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

பெரியவர்களுக்கு இந்த இடைவெளி அகலமாக இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாக்கும் அவ்வளவு பழகியிருக்காது, நுரையீரலும் சின்னது. மேல் எல்லை இறங்கும், கீழ் எல்லை ஏறும், நடுவில் கிடைப்பது ஒடுக்கமான வரப்பு. பெரியவர்கள் பாடிப் பார்த்து முடிவு செய்த டெம்போ பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். நீங்கள் தனியாக வீட்டில் உட்கார்ந்து பாடிப் பார்த்து எண்ணைக் குறித்தீர்கள் என்று நினைக்கிறேன்.

கீழே இன்னொரு தடுப்பும் உண்டு. தமிழில் குறிலை அளவுக்கு மீறி இழுத்தால் நெடிலாகிவிடும். வலை வாலையாகும், கரை காரையாகும், கரமடியில் இருக்கிற மடி மாடியாகிவிடும். மீனுக்குப் பதிலாக மாடி வீட்டை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். ரொம்ப மெதுவான பாட்டு எழுதுவதாக இருந்தால், இழுக்கிற இடத்தில் நெடிலை வைத்து எழுதுங்கள். பாடகர் குழு அண்ணனிடமும் இதைச் சொல்லலாம். கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ராகம், தாளம் அச்சிட்டிருக்கும், வேகம் அச்சிட்டிருக்காது. அதனால் ஒரே கீர்த்தனை ஒரு சபையில் இழுவையாகவும் பக்கத்துச் சபையில் துள்ளலாகவும் போகும். இரண்டு சபையிலும் பக்தி இருக்கத்தான் செய்கிறது.

திஸ்ரத்தில் பாடினால் வரிக்கு நடுவில் மூச்சு விட இடமே இருக்காது, பன்னிரண்டு அசையும் நாலு தட்டை நிரப்பிவிடும். இரண்டு வரியையும் சேர்த்துப் பாடினால் 88-ல் ஐந்தரை விநாடி ஒரே மூச்சு. பாட்டுப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு முடியும், நடித்துக்கொண்டே பாடுகிற பிள்ளைக்குச் சிரமம். கரமடிக்கே இதற்கு விடை இருக்கிறது. வலையின் இரண்டு வடத்துக்கும் இரண்டு கூட்டம் நிற்கிறதல்லவா? மேடையிலும் இரண்டு கூட்டமாக நிறுத்துங்கள். முதல் வரியை இந்த வடக்காரர் பாடட்டும், அடுத்த வரியை அந்த வடக்காரர் பாடட்டும். ஒரு கூட்டம் பாடும்போது மற்றது மூச்சு வாங்கிக்கொள்ளும்.

நடிப்பு உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டெம்போவில் கடைசி வார்த்தை உடம்புக்குத்தான். கரமடி இழுப்பவர்கள் பின்னோக்கி அடி வைத்துத்தான் இழுப்பார்கள். உங்கள் ஊர்க் கரையில் இழுப்பு நடக்கும்போது போய் நின்று, ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். ஓர் இழுப்புக்கு நாலு தட்டு என்று வைத்துக்கொண்டால் 240-ஐ அந்த விநாடியால் வகுங்கள். மூன்று விநாடி என்றால் 80. இரண்டரை என்றால் 96. உங்கள் 112-ல் ஓர் இழுப்புக்கு 2.1 விநாடிதான் வருகிறது. வடத்தில் கனம் இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நம்ப வேண்டாமா? பிள்ளைகள் கயிறு தாண்டி விளையாடுவது போலத் தெரியும். பழக்கும்போது கயிற்றின் மறுமுனையை நாலைந்து பெரிய பிள்ளைகள் நிஜமாகவே பிடித்துக்கொள்ளட்டும், கனத்தை இழுத்தபடி பாடினால் வேகம் தானாக அடங்கும்.

நடை மாறுகிற இடம்தான் வழுக்கும். நாலிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பிள்ளைகள் தட்டையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். மெட்டே இல்லாமல், காலால் தட்டிக்கொண்டு “தகதிமி” நாலு தட்டு, “தகிட” நாலு தட்டு என்று மாற்றி மாற்றிச் சொல்லவையுங்கள். கால் ஒரே சீராகப் போக வேண்டும், வாய் மட்டும் மாற வேண்டும். அது கைவந்த பிறகு தகதிமிக்குப் பதில் “கரமடி”, தகிடவுக்குப் பதில் “முட்டத்து” என்று சொற்களைப் போடுங்கள். மெட்டைக் கடைசியில் சேர்த்தால் போதும்.

கீபோர்டில் சரணத்துக்கு மட்டும் மும்மூன்றாகப் போகிற 6/8 ஸ்டைல் ஒன்றை மாற்றிப் போடலாம். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்டைல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு டெம்போவோடு வரும். ஸ்டைலை மாற்றியதும் எண்ணும் மாறிவிட்டதா என்று பாருங்கள். உங்கள் 112-ஏ அப்படித் தானாக வந்து உட்கார்ந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்னொன்று, 6/8-ல் கீபோர்டு எதை ஒரு தட்டாக எண்ணுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறலாம். திரையில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள், 15 விநாடியில் 22 தட்டு வந்தால் 88. என்னைக் கேட்டால் ஸ்டைலே வேண்டாம். பேண்டு செட்டில் வாசிக்கிற ஒரு பையனும் கைத்தட்டும் போதும், கடற்கரைப் பாட்டுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும்.

திருவிழா மேடைக்கு வீட்டு டெம்போ ஆகாது, இது பலருக்கும் தெரிவதில்லை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து தெரு நெடுக ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். உங்கள் பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் உடனே வரும், 50 மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் 0.15 விநாடி பிந்தி வரும். 112-ல் ஓர் அசையின் இடமே 0.134 விநாடி என்று பார்த்தோமே? அப்படியானால் “டத்” என்று இந்தக் காதில் விழும்போது அந்தப் பக்கத்திலிருந்து “முட்” வந்து மேலே ஏறுகிறது. சொல் முழுக்கக் கூழாகிவிடும். உயரமான கூரை உள்ள கோயிலுக்குள் பாடினாலும் எதிரொலி இதே வேலையைச் செய்யும். சொல் நெருக்கமான பாட்டை வெளியில் பாடும்போது ஒத்திகையில் பிடித்ததைவிட நாலைந்து எண் குறைத்தே வையுங்கள். மேடை ஏறியதும் படபடப்பில் யாருக்கும் வேகம் ஏறத்தான் செய்யும். ரிதம் மெஷின் இல்லாமல் பாடினால் எடுத்துக் கொடுக்கிறவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும். அவர் பல்லவியை அல்லாமல் சரணத்தின் முதல் வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்து, அந்த வேகத்தில் “ஒண்ணு, ரெண்டு” போடட்டும்.

வேகம் ஏறுகிற சுகம் வேண்டும் என்றால் கடைசியில் கொடுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் செண்டை மேளம் கேட்டிருப்பீர்கள். அதில் பஞ்சாரி மேளம், ஒரு தாளச் சுற்றுக்கு 96 அட்சரம் (எண்ணிக்கை) என்று தொடங்கும். காலம் என்கிற ஒவ்வொரு கட்டத்திலும் அது பாதியாகி 48, 24, 12 என்று குறுகி ஐந்தாம் காலத்தில் 6-ல் வந்து நிற்கும். அந்த 6-ல் ஆட்கள் கை தூக்கி ஆடுவதற்குக் காரணம் முதல் காலத்தில் அவர்களைக் காக்க வைத்ததுதான். எடுத்ததுமே 6-ல் அடித்தால் வெறும் சத்தம். உங்கள் பாட்டிலும் மடி கரையை நெருங்குகிற கட்டத்தில், கடைசித் தடவை பல்லவியை மட்டும் 96 அல்லது 100-க்கு ஏற்றுங்கள். பல்லவி குறில் வரிகள், தாங்கும். சரணத்தை அந்த வேகத்தில் தொடாதீர்கள்.

தம்பிக்கும் ஒரு பதில் இருக்கிறது. பதிவு செய்த பிறகு சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் ஏற்ற செல்போன் செயலிகளே இருக்கின்றன. ரீல்ஸுக்குப் பல்லவித் துண்டை மட்டும் வெட்டி, கொஞ்சம் ஏற்றிப் போட்டுக்கொள்ளட்டும். மிதமாக ஏற்றினால் கேட்கிறவருக்குத் தெரியாது, நிறைய ஏற்றினால் குரல் தகரம் போலாகிவிடும். அவனுக்காக மேடைப் பாட்டின் வேகத்தை மாற்ற வேண்டியதில்லை.

எழுதும் முன்பே டெம்போ முடிவு செய்ய வேண்டுமா என்றால், உடம்பு அசைகிற பாட்டுக்கு மட்டும் ஆம். நடனம், தேர்ப் பவனியில் நடந்துகொண்டே பாடுவது, இந்தக் கரமடி மாதிரி நடிப்பு – இவற்றில் காலும் கையும் வேகத்தை முதலிலேயே சொல்லிவிடும், சொற்களை அதற்குள் எழுத வேண்டும். மற்றப் பாட்டுகளில் சொல் வரட்டும். முதல் இரண்டு வரி வந்ததும் அவற்றைச் சொல்லிக்கொண்டே வீட்டு முற்றத்தில் நடந்து பாருங்கள், கால் எங்கே விழுகிறது என்று பாருங்கள். டேப் டெம்போ என்று செல்போனில் ஒரு வசதி உண்டு, நடக்கிற தாளத்துக்கு விரலால் தட்டினால் எண்ணைக் காட்டும். அதைக் குறித்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி தட்டிப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வேகமும் மந்தமாகத் தெரியும், கை தானாக எண்ணை ஏற்றும். ராத்திரி பத்து மணிக்கு மேல் டெம்போவை ஏற்றுவதில்லை என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்.

கடைசியாகத் தாலாட்டு. அம்மாவுக்கு நல்ல காது. ஆனால் தப்பு 60-ல் இல்லை. தூளி என்பது ஓர் ஊசல். ஊசலின் வேகத்தைத் தீர்மானிப்பது நீளம் மட்டும்தான். மேலே கட்டிய முடிச்சிலிருந்து பிள்ளை படுத்திருக்கிற இடம் வரை ஒரு மீட்டர் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு, போய்த் திரும்ப, 2 விநாடி. ஒன்றரை மீட்டர் என்றால் ஏறக்குறைய 2.5, இரண்டு மீட்டர் என்றால் 2.8. பிள்ளை வளர்ந்து கனம் கூடினாலும் இந்த வேகம் மாறாது. (ஸ்பிரிங் தொட்டில் வேறு சங்கதி, அதில் கனம் கூடினால் ஆட்டம் மெதுவாகும்.) ஓட்டு வீட்டு உத்தரத்தில் கட்டிய தூளிக்கும் ஜன்னல் உயரத்தில் கட்டிய தூளிக்கும் ஒரே தாலாட்டை வேறு வேறு வேகத்தில்தான் பாட முடியும். உங்கள் 60 என்பது ஒரு மீட்டர் தூளியில் போக ஒரு தட்டு, வர ஒரு தட்டு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஒப்பாரியாகக் கேட்டதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் இரண்டு. 60-ல் ஒவ்வொரு தட்டிலும் ஓர் அசையை வைத்துப் பாடியிருப்பீர்கள், தட்டுக்கு நடுவில் ஆட்டமே இல்லை. போக மூன்று, வர மூன்று என்று திஸ்ரத்தில் பிரித்துப் பாடுங்கள், எண் அதே 60-ல் நிற்கட்டும், வரி தூளியோடு சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். மற்றது மெட்டு. ஒப்பாரியில் வரிக் கடைசி ஒவ்வொரு தடவையும் மேலிருந்து கீழே சரிந்து இழுபடும். உங்கள் தாலாட்டில் வரி முடிவெல்லாம் அப்படி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு வரியையாவது ஏந்தின மாதிரி மேலே நிறுத்தி, அடுத்த வரியில் இறக்குங்கள். நீட்டிப் பாடுகிற சுரம் உச்சத்தில் இருந்தால் குரல் திணறி அழுகை போலவே கேட்கும். அரைக் கட்டை, ஒரு கட்டை சுருதியை இறக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் மறுபடி பாடிக் காட்டுங்கள்.